அக்கர்மான்சியா கேப்ஸ்யூல்: எடைக்காக வாங்க வேண்டாம்

வணக்கம். எடை 94 கிலோ, சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) கூடியிருக்கிறது, சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியா அடங்கிய கேப்ஸ்யூலுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களின் குடலில் அக்கர்மான்சியா கூடுதலாக இருப்பதே ஆய்வுகளில் தெரிகிறது.

இந்த பாக்டீரியா குடல்சுவரின் சளிப்படலத்தைத் தின்று வாழ்வது. தின்னத் தின்னப் படலம் புதிதாக ஊறுகிறது. படலம் மெலிந்தால் வேறு சில பாக்டீரியாக்களின் மேலுறைத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, சத்தமில்லாமல் அழற்சியைக் கிளப்பிவிடும்.

அக்கர்மான்சியாவை வைத்துப் பெல்ஜியத்தில் நடந்து 2019-இல் வெளியான சோதனையை முடித்தவர்கள் 32 பேர்தான். மூன்று மாதத்தில், பாஸ்டர் முறையில் சூடாக்கிக் கொன்ற அக்கர்மான்சியாவை எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இன்சுலின் நன்றாக வேலை செய்தது, கொலஸ்ட்ராலும் குறைந்தது. உயிருள்ளதைவிடச் செத்தது அதிகம் உதவியது! ஆனால் எடையில் வித்தியாசம் இரண்டு கிலோ சொச்சம். அதுவும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

அந்தப் பணத்துக்குக் கொண்டைக்கடலை, காராமணி, கீரை வாங்குங்கள். நார்ச்சத்து குறைந்தால் குடல் பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே அரிக்கத் தொடங்கும். வாயுத் தொல்லை வராமலிருக்க அளவை மெதுவாகக் கூட்டுங்கள். அப்புறம், சிஆர்பி ஈறு வீக்கம், சளிக்காய்ச்சலிலும் ஏறும். அதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.