வேதமும் பாரதமும் ஒரே வயதா?

கேள்வி: எங்கள் ஊருக்குப் பெயரே வியாசர்பாடி. வேதம், மகாபாரதம், 18 புராணம் எல்லாமே வியாசர் கொடுத்தது என்கிறார்கள். அப்படியானால் எல்லாம் ஒரே காலத்து நூல்கள்தானே? பத்தாவது படிக்கும் பேரன் இல்லவே இல்லை என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறான்.
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: பேரன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது அம்மா. மரபே வியாசர் வேதத்தை இயற்றினார் என்று சொல்லவில்லை, ஒன்றாகக் கிடந்ததை நான்காக வகுத்தார் என்றுதான் சொல்கிறது, அதனால்தான் அவருக்கு வேத வியாசர் என்று பெயர். வேதம் யாராலும் செய்யப்படாதது என்பது நம்பிக்கை, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் மொழிக்கு வயது உண்டு. நம் புறநானூற்றையும் கம்பனையும் அடுத்தடுத்துப் படித்தால் எது முந்தியது என்று காதே சொல்லிவிடும் இல்லையா, சமஸ்கிருதத்திலும் அதே கதைதான்.

அந்தக் கணக்கில் ரிக் வேதம்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. 10 மண்டலம், அதாவது பத்துப் பகுதி, 1028 பாடல். பெரும்பாலான அறிஞர்கள் கி.மு. 1500 முதல் 1200 வரை என்று வைக்கிறார்கள். அதற்குள்ளேயே வயது வித்தியாசம் உண்டு. 2 முதல் 7 வரை உள்ள மண்டலங்கள் பழையவை, பத்தாவது பிந்தியது. துருக்கியில் கிடைத்த கி.மு. 14ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகை ஒன்றில், இரண்டு அரசர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்) சாட்சி! ரிக் வேதத்தில் வரும் இந்தத் தெய்வங்களின் பெயர் அப்போதே அவ்வளவு தூரம் போயிருக்கிறது. இன்னொன்று, ரிக் வேதத்தில் ‘அயஸ்’ என்றால் செம்பு, வெண்கலம் மாதிரியான உலோகம். அதர்வ வேதத்துக்கு வந்தால் கரிய உலோகம் என்று இரும்புக்குத் தனியாகப் பெயர் வந்துவிடுகிறது. ஆக அது பிந்தியது. பிருகதாரண்யகம், சாந்தோக்கியம் போன்ற பழைய உபநிடதங்கள் அதற்கும் அப்புறம், புத்தருக்குச் சற்று முன்பு.

மகாபாரதம் ஒரே மூச்சில் பிறந்த நூல் இல்லை. ஏறக்குறைய கி.மு. 400 முதல் கி.பி. 400 வரை வளர்ந்துகொண்டே இருந்தது. கிளைக்கதைகளை விட்டால் 24,000 சுலோகம் என்று அதுவே ஆதிபர்வத்தில் கணக்குச் சொல்கிறது, நாம் இப்போது லட்சம் என்கிறோம். புனேயில் 1919இல் தொடங்கி 1966 வரை ஏகப்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பதிப்பு கொண்டுவந்தார்கள். அதில் பிள்ளையார் பாரதம் எழுதிய கதை மூலத்தில் இல்லை, பின்னால் சேர்ந்தது என்று பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் சுவடி சொல்வதை மறைக்கக் கூடாது.

புராணங்கள் இன்னும் இளையவை, நமக்குக் கிடைக்கும் வடிவம் பெரும்பாலும் குப்தர் காலமும் அதற்குப் பிறகும். பாகவதத்தில் தாமிரபரணி, பாலாறு, காவிரி ஓடும் திராவிட நாட்டில் நாராயண பக்தர்கள் நிறைய இருப்பார்கள் என்று வருகிறது. ஆழ்வார்களை அறிந்தவர்கள் எழுதியது என்று பலர் கருத இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ராமர்தான் முதலில், கிருஷ்ணர் அப்புறம். அப்போ ராமாயணம்தானே பழசு?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கதை நடந்த வரிசை வேறு, நூல் எழுந்த வரிசை வேறு. மகாபாரதத்தின் வனபர்வத்தில் மார்க்கண்டேயர் தருமருக்கு ராமன் கதையைச் சொல்கிறார், ராமாயணத்திலோ பாண்டவர் பேச்சே இல்லை. இதை வைத்து ராமாயணம் முந்தியது என்று சட்டென்று முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் பாலகாண்டத்தின் பெரும்பகுதியும் உத்தரகாண்டமும் பிறகு சேர்ந்தவை. இரண்டும் பல நூற்றாண்டு பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எழுதி வைக்காமல் 3000 வருஷம் வேதம் மாறாமல் வந்தது என்பதை நம்ப முடியவில்லையே?
- ஒரு கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

பதில்: எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. கன பாடம் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு மந்திரத்தின் சொற்களை ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, மறுபடி ஒன்று-இரண்டு-மூன்று என்று முன்னும் பின்னும் பின்னிக்கொண்டே போவார்கள், ஒரு சொல் தவறினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து வருஷக்கணக்காக உட்கார்ந்து ஓதுகிற உழைப்பு அது. குறுந்தொகை 156ஆம் பாட்டிலேயே ‘எழுதாக் கற்பு’, அதாவது எழுதாமலே கற்கும் கல்வி என்று வேதத்தைச் சொல்லியிருக்கிறார்கள். புனேயில் இருக்கும் ரிக் வேதச் சுவடிகளில் பழையதே கி.பி. 1464ஆம் ஆண்டுதான், ஆனால் நூலின் வயது அதுவா?

பாரதத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பவர் நடுவில் நிறுத்தி ஊர் சங்கதி ஒன்றைச் சேர்த்துச் சொல்வாரே, கேட்டிருப்பீர்கள். அப்படிச் சேரச் சேர வளர்ந்ததுதான்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர்க் கோயிலில் பாணினியின் சமஸ்கிருத இலக்கணம் சொல்லிக்கொடுக்க ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பாணினி கி.மு. 4ஆம் நூற்றாண்டை ஒட்டியவர். வேத மொழிக்கு ஒரு விதி, தன் காலத்தில் பேசிய மொழிக்கு வேறு விதி என்று அவரே பிரித்து எழுதியிருக்கிறார். அவருக்கே வேதம் பழசாகிவிட்டது. அடுத்த முறை தியாகராஜர் கோயிலுக்குப் போகும்போது சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.