மூன்று வருடப் பழைய போக்குவரத்து அபராதம் கட்டச் சொல்லி, லிங்க்கோடு திடீரென மெசேஜ் வந்தால் என்ன செய்வது?

முதலில் அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் 'செலான்' (அபராத நோட்டீஸ்) என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தால் அது மோசடியேதான். இன்ஸ்டால் செய்தால் ஓடிபி திருடுபோய் வங்கிக் கணக்கே காலியாகலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அபராதம் உண்மையா என்று பார்க்க, மத்திய அரசின் பரிவாகன் இ-செலான் தளத்தை நீங்களே திறந்து (முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா பாருங்கள்) வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கங்களைக் கொடுங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் விர்ச்சுவல் கோர்ட் (ஆன்லைன் நீதிமன்றம்) தளத்திலும் தேடுங்கள். நீண்ட நாள் கட்டாத செலான்கள் அங்கே போயிருக்கும்.

செலான் இருந்தால் உடனே கட்டிவிடாமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமரா நம்பர் பிளேட்டில் உள்ள 8-ஐ 3 என்று படித்திருக்கலாம். உங்களுடையது கறுப்பு ஸ்ப்ளெண்டர், படத்தில் சிவப்பு ஸ்கூட்டர் என்றால், ஆர்சி நகலும் வண்டிப் படமும் இணைத்து அதே தளத்தில் புகார் பதியுங்கள். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

விற்ற வண்டியா? ஆர்சியில் பெயர் மாறாதவரை நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். விற்பனை ஒப்பந்தம், டெலிவரி நோட்டு தேதியோடு இருந்தால் போக்குவரத்துக் காவல் பிரிவில் காட்டலாம். பெயர் மாற்றத்தையும் அப்படியே முடித்துவிடுங்கள்.

தவறு உங்களுடையதுதான் என்றால் கட்டி, ரசீதை பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். நிலுவை இருந்தால் ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கும்போது சிக்கல் வரும்.