அம்மாவின் சேலையை வெட்டலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீட்டுக் குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். என் அம்மா 30 வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். போன வருடம் தவறிவிட்டார். அவருடைய சேலைகள் 26, வேலைக்குப் போட்டுப்போன நீளக்கைச் சட்டை ஒன்று, எல்லாம் என்னிடம் இருக்கின்றன. எனக்குத் தையல் வரும். கால்மிதி, சட்டி பிடிக்கிற துணி, தலையணை உறை என்று பழைய துணியில் எதையாவது செய்துகொண்டே இருப்பேன். இப்போது அம்மாவின் சேலைகளில் பிள்ளைகளுக்கு ஒட்டுப்போர்வை தைக்க ஆசை. அத்தையோ, "செத்தவங்க துணியை வீட்டுல வச்சு வெட்டித் தைக்கிறதா?" என்கிறார். கணவர், "ராத்திரிச் சந்தை பசார் மாலாம்ல 25 வெள்ளிக்குப் போர்வை கிடைக்குது, இதுக்குப் போய் ஹால் பூரா துணியப் பரப்பணுமா?" என்கிறார். எனக்கும் கத்திரிக்கோலை எடுத்தால் கை நடுங்குகிறது. வெட்டலாமா, வேண்டாமா?

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: அன்புத் தங்கைக்கு,

வெட்டுங்கள். எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். முதல் போர்வைக்கு அம்மாவின் சேலையில் கத்திரிக்கோல் படவே வேண்டியதில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த தப்பைக் கேளுங்கள்.

என் அம்மா போனபோது எனக்கும் அவர் சேலைகளைத் தொட மனம் வரவில்லை. இரும்புப் பெட்டியில் அடுக்கி, பூச்சி உருண்டை போட்டுப் பூட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பிலேயே மூன்று வருடம் ஓடிவிட்டது. திறந்து பார்த்தால், வாயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலைகள் முழுக்க மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளி. பட்டுச்சேலை மடித்த மடிப்பிலேயே விட்டிருந்தது. தூக்கிய கையோடு இரண்டாகப் பிரிந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் பெட்டிக்குள் கிடக்கிற துணி சும்மா கிடப்பதில்லை, உள்ளேயே வீணாகிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அழுத அழுகை, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அழவில்லை. உங்களுக்கு அது வர வேண்டாம் என்றுதான் முதல் வரியிலேயே வெட்டுங்கள் என்று எழுதினேன்.

அத்தையிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். அவர் சொல்வது அவர் வளர்ந்த வீட்டுப் பழக்கம், அதில் பயமும் இருக்கும், மரியாதையும் இருக்கும். ஆனால் நம் பழக்கத்திலேயே இதற்கு ஒரு வழியும் இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தவர்களுக்குப் படைக்கிறோமே, அப்போது புதுச்சேலை எடுத்து வைப்பதும் பல வீடுகளில் உண்டு. படைத்து முடிந்ததும் அந்தச் சேலையை என்ன செய்கிறோம்? வீட்டுப் பெண்கள்தான் எடுத்துக் கட்டிக்கொள்கிறோம். இறந்தவர் பெயரில் வைத்த துணி என்று யாரும் ஒதுக்குவதில்லை, ஆசீர்வாதம் என்றுதான் வாங்கிக்கொள்கிறோம். இந்த வருடம் அம்மாவுக்குப் படைக்கும்போது இந்தச் சேலைகளில் ஒன்றையும் துவைத்து மடித்து வையுங்கள். கும்பிட்டு எடுத்து, அதிலிருந்தே தொடங்குங்கள். அப்புறம் அத்தையிடம் அவருடைய பழைய சேலை ஒன்றையும் கேளுங்கள். "ரெண்டு பாட்டியோட சேலையும் பிள்ளைங்க மேல இருக்கட்டும் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வயதுப் பெண்கள் கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்துத் துவைத்து, பிள்ளைகளுக்கு உள்ளாடையும் தலையணை உறையும் தைத்தவர்கள். ஊசி பிடிக்க அவருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கணவர் சொல்கிற கணக்கு சரிதான். உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டால் 25 வெள்ளிப் போர்வையோடு போட்டி போட முடியாது. ஆகவே காசு மிச்சமாகும் என்று வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். இது அம்மாவுக்காகச் செய்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். ஹால் விஷயத்தில் அவர் பக்கம்தான் நானும். மூடி போட்ட கூடை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் அடங்குகிற வேலை மட்டும் வெளியே வரட்டும். ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். அதற்காக அறைக்குள் ஒளிந்துகொண்டு தைக்காதீர்கள். ராத்திரி எல்லாரும் டிவி பார்க்கிற நேரத்தில் அதே ஹாலில் உட்கார்ந்து தையுங்கள். விளக்கு வைத்த பிறகு ஊசி எடுக்கக் கூடாது என்பார்கள். மங்கலான விளக்கு வெளிச்சத்தில் கண் போய்விடும் என்று சொன்னதாக இருக்கும். உங்கள் ஹாலில் நல்ல விளக்கு இருக்கிறது.

சரி, அந்த நீளக்கைச் சட்டை. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டீர்கள். நான் அதிலேயே நின்றுவிட்டேன். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற இடத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி, பால் எடுத்து வந்த உடம்பில் கிடந்த சட்டை. சேலை பண்டிகைக்கும் கோயிலுக்கும் கட்டியது. உங்களை வளர்த்தது அந்தச் சட்டை. அதில் பால்கறை இருக்கும். வெள்ளையாகத் தெறித்து, காய்ந்து கறுத்து, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறை. அதை எடுக்க முயற்சி பண்ணாதீர்கள். கறை உள்ள துண்டு அப்படியே போர்வையில் வரட்டும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள், சூடு பட்டால் பிசுபிசுவென்று பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

வேலைத்துணியில் போர்வையா என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து போகிற இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவரின் வாரிசுகள் வாழ்கிற ஊர். தோட்ட முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே என்பதுதான் இன்றும் அங்கே பலருக்குப் பெயர். குளிர் தாங்க அந்த ஊர்ப் பெண்கள் நைந்துபோன வேலைத்துணிகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். 1942 வாக்கில் மிசௌரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவர் வயலுக்குப் போட்டுப்போன துணிகளை எடுத்து, தன் மகளையும் கூட வைத்துக்கொண்டு, அவர் ஞாபகமாக மூடிப் படுத்துக்கொள்ள ஒரு போர்வை தைத்தார் மிசௌரி. நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான் அந்தத் தாயும் மகளும் நின்றார்கள். அந்த ஊர்ப் போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டி ஊரே வந்து பார்த்தது. 2006இல் அமெரிக்கத் தபால் துறை பத்துப் போர்வைகளைத் தபால்தலையாக வெளியிட்டது. தோட்டத்துத் துணி என்று நாம் தலைகுனிய ஒன்றும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். 26 சேலையையும் ஒரு நாள் வெளியே எடுத்து நிழலில் காயப்போடுங்கள். கூறைப்புடவையையும் நல்ல பட்டையும் தனியாக எடுத்து வையுங்கள், அவை முழுசாகவே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். என் பட்டுச்சேலை போனது அதைச் செய்யாததால்தான்.

மீதியில் எது பருத்தி, எது நைலக்ஸ் என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். நைலக்ஸ், பாலியெஸ்டர் எல்லாம் உருகிக் கட்டியாக உருண்டுவிடும். உருகுகிற துணியைப் போர்வைக்குப் போடாதீர்கள், வேர்வையை இழுக்காது. சட்டி பிடிக்கிற துணிக்கு நிச்சயமாக வேண்டாம், சூட்டில் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். கால்மிதிக்கும் ஆகாது, தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கிவிடும். ஜன்னல் திரைக்கு அழகாக இருக்கும், பைக்கு உள்துணியாகவும் போடலாம். அம்மாவின் நைலக்ஸ் சேலைகளை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெரூன், கருநீலம் மாதிரி அடர்ந்த நிறங்களைத் தைப்பதற்கு முன்னாலேயே சோதித்துவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாமல் வரும்வரை தனியாக அலச வேண்டும். அவசரப்பட்டால் முதல் துவையலிலேயே போர்வை முழுக்கக் கலங்கிவிடும்.

இப்போது சேலையில் கத்திரிக்கோல் படாத போர்வை. சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஒரு பிள்ளை போர்த்திக்கொள்ள அளவெடுத்த மாதிரி இருக்கும். மூன்று அடுக்கு பருத்தியே நம் சீதோஷ்ணத்துக்குப் போதும். நடுவில் பஞ்சு வைக்காதீர்கள், மழைக்காலத்தில் காயவே காயாது. முந்தானை மேலே வருகிற மாதிரி மடித்துத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கனமாக ஏதாவது வையுங்கள். கிழிசலும் நைந்த இடமும் இருக்கும் இல்லையா, அங்கேதான் ஒட்டு. சட்டைத் துண்டையும் அத்தையின் சேலைத் துண்டையும் அந்த இடங்களில் வைத்து ஓரம் மடித்துத் தையுங்கள். எங்கே ஒட்டுப் போடுவது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், கட்டிக் கட்டி அம்மாவே அந்த இடங்களைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக நூல் ஓட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தை முதலில் தைத்தால் நடுவில் துணி உப்பிக்கொண்டு நிற்கும். அடுக்குகள் நகராமல் நின்றதும், இரண்டு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக, அரிசி அளவில் சின்னத் தையல் போட்டுக்கொண்டு போங்கள். பருத்தி நூலே போடுங்கள், முடிச்சை அடுக்குக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள். தையல் கொஞ்சம் கோணினால் பிரிக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை போதும். பெரிய பிள்ளையை ஊசியில் நூல் கோக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு போர்வை முடிந்த பிறகு அடுத்த சேலைக்குக் கத்திரிக்கோலை எடுத்துப் பாருங்கள், கை நடுங்காது.

சட்டையில் பை இருக்கிறதா? வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு போக ஒரு பை இருக்குமே. இருந்தால் அதைப் பிரிக்காமல் முழுசாக வெட்டி எடுத்து, முந்தானை ஓரத்தில் வைத்து மூன்று பக்கம் மட்டும் தையுங்கள். மேல்வாயைத் திறந்தே விடுங்கள். பிள்ளைகள் கை விட்டுப் பார்ப்பார்கள்.