எண்ணெய் குடிப்பது யார் குற்றம்?

எலக்ட்ரிக் டீப் ஃப்ரையர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஃப்ரையர் வாங்க வேண்டும். இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 3 லிட்டர். ஒன்று 1,200 வாட், இன்னொன்று 1,800 வாட். விலை குறைவானதை எடுத்தால் போதாதா?

பதில்: போதாது, 1,800 வாட்டையே எடுங்கள். பெட்டியின் மேல் லிட்டரைத்தான் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது லிட்டருக்கு எத்தனை வாட் என்பதை. அது 600க்குக் கீழே போனால் கருவி திணறும்.

3 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 2.75 கிலோ. அதை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 180க்குக் கொண்டுபோக 1,800 வாட்டுக்குப் பத்து நிமிடம் போதும். 1,200 வாட்டுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பை விட்டுவிடலாம். விஷயமே பண்டத்தைப் போட்ட பிறகுதான் இருக்கிறது.

பொரிப்பது என்பது பண்டத்திலிருக்கும் நீரை விரட்டும் வேலை. 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். 1,800 வாட்டும் இதற்கே செலவானாலும் நிமிடத்துக்கு 48 கிராம் நீர்தான் போகும். 1,200 வாட் என்றால் 32 கிராம். மிச்சச் சூட்டை எண்ணெய் தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. முக்கால் கிலோ உருளைக்கிழங்கை ஒரே ஈடாகக் கொட்டிப் பாருங்கள்: கொதிப்புச் சத்தம் அடங்கி, எண்ணெய் முனக ஆரம்பிக்கும். சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். மேல்தோல் இறுகத் தாமதமாகும், பண்டம் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும், சொதசொதவென்று வரும். பழியை மட்டும் எண்ணெய் மேல் போடுவோம்.

3 லிட்டருக்கு ஓர் ஈடு 300 முதல் 400 கிராம். ஃப்ரீசரிலிருந்து நேராகப் போடுவது என்றால் அதில் பாதி. ஐஸ் உருகவே தனியாகச் சூடு போகும்.

230 வோல்ட் இணைப்பில் 1,800 வாட் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்கும் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம்.

கேள்வி: சூடேற்றும் காயில் (கம்பிச்சுருள்) எண்ணெய்க்குள்ளேயே இருப்பது நல்லதா, பாத்திரத்துக்கு அடியில் இருப்பதா?

பதில்: உள்ளே இருப்பதுதான். காயிலுக்குக் கீழே உள்ள எண்ணெய் அவ்வளவாகச் சூடாவதில்லை. உதிரும் மாவுத் துகள்கள் அங்கே போய்ப் படிந்து, கருகாமல் கிடக்கும். காயில் அடியில் இருந்தால் துகள்கள் சூடான தரையிலேயே விழுந்து கருகும். எண்ணெய் சீக்கிரம் கறுத்துக் கசக்கும். ஒரு நிபந்தனை: காயிலும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் தனியாகக் கழன்று வர வேண்டும். கழலாத மாடலில் 3 லிட்டர் எண்ணெயோடு முழுக் கருவியையும் கவிழ்த்து ஊற்ற வேண்டிவரும். அதை வாங்காதீர்கள்.

கேள்வி: மாவில் தோய்த்துப் போட்டால் கூடைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறதே?

பதில்: கூடையில் வைத்து இறக்குவதால் வரும் வினை. வெறும் கூடையை முதலில் எண்ணெயில் இறக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் எண்ணெய்ப் பரப்பை ஒட்டி, பாதி முங்கும் வரை இரண்டு மூன்று விநாடி பிடித்திருந்து விடுங்கள். மாவு கெட்டிப்பட்ட பிறகே அடியைத் தொடும்.

கேள்வி: டயலில் 180 வைத்தால் சில நாள் கருகுகிறது, சில நாள் வேகவில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சூடேறுவதைக் காட்டும் விளக்கு முதல் முறை அணையும்போது எண்ணெய் குறித்த சூட்டைத் தாண்டியிருக்கும்; பிறகு கீழே இறங்கும். விளக்கு இரண்டு மூன்று முறை எரிந்து அணைந்த பின் சமையல் தெர்மாமீட்டரை நடுவில் பிடித்துப் பாருங்கள். 10 டிகிரி வரை வித்தியாசம் சகஜம், அதற்கேற்ப டயலைத் திருப்பிக்கொள்ளலாம். உருளைக்கிழங்குக்கு 175ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதிகச் சூட்டில், மாவுச்சத்துப் பண்டங்கள் பொரியும்போது உருவாகும் அக்ரிலமைடு என்ற கேடான வேதிப்பொருள் கூடும். 150இல் ஐந்து நிமிடம், எடுத்து ஆறவிட்டு, 175இல் இரண்டு மூன்று நிமிடம். பொன்னிறத்தோடு நிறுத்துங்கள்.

எடுத்ததும் கூடையை எண்ணெய்க்கு மேலேயே உதறி, உடனே தாளில் கொட்டுங்கள். பண்டம் ஆறும்போது உள்ளிருக்கும் நீராவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். எண்ணெய் குடிப்பதில் பெரும்பங்கு இந்த நேரத்தில்தான் நடக்கிறது.

கேள்வி: மூடியை மூடிக்கொண்டு பொரிக்கலாமா?

பதில்: தெறிக்காது, வாடையும் குறையும். ஆனால் ஆவி உள்ளேயே சுற்றி மொறுமொறுப்பைக் கெடுக்கும். பாதி நேரத்துக்கு மேல் மூடாதீர்கள். எண்ணெய் தீப்பிடித்தால் அதே மூடிதான் காப்பாற்றும்: மெயின் ஸ்விட்சை அணைத்து மூடிவிடுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

கேள்வி: ஃப்ரையர் திடீரென்று நின்றுவிட்டது. விளக்குகூட எரியவில்லை.

பதில்: எண்ணெய் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கட்-அவுட் விழுந்திருக்கும். கட்டியான கொழுப்பை உருக்காமல் காயில் மேல் போட்டாலும் இதே கதை. பிளக்கை உருவி, நன்றாக ஆறவிட்டு, பல மாடல்களில் பின்பக்கம் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். கழலும் மாடல் என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மயிரிழை தூக்கியிருந்தாலும் உள்ளே உள்ள சின்ன ஸ்விட்ச் மின்சாரத்தை விடாது.

கேள்வி: எண்ணெயை எத்தனை தடவை பயன்படுத்தலாம்?

பதில்: எண்ணிக்கை சொல்ல முடியாது, மாவுப் பண்டம் சீக்கிரம் கெடுக்கும், வெறும் உருளைக்கிழங்கு மெதுவாக. 180 டிகிரிக்குள்ளேயே புகைந்தாலோ, பண்டத்தை எடுத்த பிறகும் நுரை அடங்காவிட்டாலோ, சொட்டு விரலில் பிசுபிசுத்தாலோ கொட்டிவிடுங்கள். சாக்கடையில் அல்ல, பாட்டிலில் அடைத்துக் குப்பைக்கு. மற்ற நாட்களில் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பழைய எண்ணெயோடு புதிதைக் கலந்து ஒப்பேற்ற வேண்டாம்.

கேள்வி: கூடையின் மஞ்சள் பிசுக்கு போகவே மாட்டேன் என்கிறது.

பதில்: அது இறுகிப்போன எண்ணெய்; தேய்த்தால் போகாது. சூடான நீரில் வாஷிங் சோடா கரைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். அலுமினியத்துக்கும் நான்ஸ்டிக்குக்கும் இது ஆகாது. கட்டுப்பாட்டுப் பெட்டியை ஈரத்துணியால் துடைத்தால் போதும், நீரில் முக்கக் கூடாது. கழுவிய கிண்ணத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் உலர்ந்த பிறகே எண்ணெய் ஊற்றுங்கள். அடியில் தங்கிய நீர் சூடேறியதும் வெடித்தெழுந்து எண்ணெயை வெளியே தள்ளும்.