வாசகர் கேள்வி-பதில்: கத்தலில் பாட்டு எங்கே இருக்கிறது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் மாலையில் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே கூச்சலாகப் பாட்டு வைக்கிறான். என்னவென்று கேட்டால் ‘ஆல்டர்நேட்டிவ் மெட்டல்’, ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ என்கிறான். எம்.எஸ்.வி. பாட்டில் வளர்ந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தக் கத்தலில் பாட்டு எங்கே இருக்கிறது?
— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், தண்டையார்பேட்டை

பதில்: ஐயா, இதே கேள்வியை என் தந்தையார் இன்னும் சுருக்கமாகக் கேட்டார். டெஃப்டோன்ஸ் குழுவின் ‘வைட் போனி’ தொகுப்பு 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் நகல் குறுந்தகடு ஒன்றைப் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிவந்து வீட்டில் ஓடவிட்டபோது, அவர் செய்தித்தாளைத் தாழ்த்தி, “யாரைப் போட்டு அடிக்கிறார்கள்?” என்றார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தங்களுக்காவது சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தத் தொகுப்பில் உள்ள ‘சேஞ்ச்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் சீனோ மொரேனோ அதில் எடுத்த எடுப்பிலேயே கத்துவதில்லை. அடுத்த அறையில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் போலத் தணிந்த குரலில் பாடுகிறார். கிட்டார் ஒவ்வொரு சுரமாகச் சொட்டுகிறது. பல்லவி வரும்போதுதான் ஸ்டீஃபன் கார்ப்பென்டரின் கிட்டார் தடித்த சுவரைப் போல எழும்ப, குரலும் அதன்மேல் ஏறி நிற்கிறது. தாழ்ந்த குரலுக்கும் உயர்ந்த குரலுக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தில்தான் பாட்டு இருக்கிறது. கதவுக்கு வெளியே இருப்பவருக்கு உயர்ந்த பகுதி மட்டுமே எட்டும்; தணிந்த பகுதி எட்டாது. தங்கள் குறை பாதி கதவினால் வந்தது என்பேன்.

மீதிப் பாதிக்கும் பதில் உண்டு. துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்ணின் குரல் ஓரிடத்தில் உடைகிறபோது, சுருதி விலகிவிட்டது என்று நம்மில் யாரும் குறை சொல்வதில்லை. சொல்லால் முடியாததைக் குரல் அந்த இடத்தில் எடுத்துக்கொள்கிறது என்பது நமக்குத் தெரியும். இவர்கள் அதே இடத்தை ஒலிவாங்கியின் முன் தேடுகிறார்கள். எல்லோரும் கண்டடைகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். வெறும் கத்தலாகவே முடிகிற பாட்டுகளும் ஏராளம். ‘வைட் போனி’யிலேயே மிக முரட்டுத்தனமான ‘எலைட்’ என்ற பாட்டுக்குத்தான் 2001-இல் கிராமி விருது கிடைத்தது. என் கணக்கில் அது அத்தொகுப்பின் சிறந்த பாட்டுகளுள் ஒன்றன்று.

ஒருநாள் கதவைத் தட்டி உள்ளே சென்று, மகனோடு ஒரு பாட்டை முழுவதுமாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ‘ஆல்டர்நேட்டிவ் மெட்டல்’, ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ என்ற இந்த இரண்டு பெயர்களுக்கும் உண்மையில் வேறுபாடு இருக்கிறதா, அல்லது விற்பவர்கள் ஒட்டிய சீட்டா?
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: சீட்டுத்தான், ஆனால் இரண்டும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பெட்டிகளின்மேல் ஒட்டியவை. 1980-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகர இளைஞர்கள் ஹார்ட்கோர் பங்க் என்று ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஓடும் அதிவேகப் பாட்டுகளை வாசித்தார்கள். கூட்டத்தில் அடிதடி பெருகி, பாட்டுகளும் ஒரே அச்சில் வார்த்தவையாகத் தோன்றத் தொடங்கியபோது, அவர்களுள் சிலரே 1985-ஐ ஒட்டி வேகத்தைக் குறைத்து, தாளத்தை உடைத்து, மனத்தில் உள்ளதைப் பாடத் தலைப்பட்டார்கள். அந்த வழியில் வந்த ஃபுகாசி குழு, நுழைவுக் கட்டணத்தை ஐந்து டாலர் அளவிலேயே வைத்துக்கொள்ள முயன்றது. எல்லா வயதினரையும் அனுமதித்தது. அரங்கில் அடிதடி செய்பவரிடம் அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியது. இசையில் மட்டுமன்றி நடத்தையிலும் இருந்த இந்தக் கண்டிப்பே போஸ்ட்-ஹார்ட்கோரின் சாரம் என்று நான் கருதுகிறேன். பின்னர் சுவீடனின் ஊமியோ நகரத்து ரெஃப்யூஸ்ட் 1998-லும், டெக்சாஸின் எல் பாசோ நகரத்து அட் த டிரைவ்-இன் 2000-லும் தத்தம் தலைசிறந்த தொகுப்பை வெளியிட்டன. முன்னது அதே ஆண்டில் கலைந்தது, பின்னது அடுத்த ஆண்டில்.

ஆல்டர்நேட்டிவ் மெட்டல் என்பது, மின்கிட்டார்கள் கனத்து முழங்கும் ராக் வகையான மெட்டல் இசையின் எடையை வைத்துக்கொண்டு அதன் ஆடம்பரத்தைக் கழற்றியது. நியூயார்க்கின் ஹெல்மெட் குழுவை நடத்திய பேஜ் ஹாமில்டன் முறையாக ஜாஸ் பயின்றவர். 1992-இல் வந்த ‘மீன்டைம்’ தொகுப்பில் கிட்டார் வெட்டி வெட்டி நிற்பதைக் கேட்டால், எங்கே வாசிக்கக்கூடாது என்பதை அவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று புரியும்.

கேள்வி: நான் மிருதங்கம் பயில்கிறேன். டூல் என்ற மெட்டல் குழுவின் தாளங்கள் நம் தாளங்களைப் போன்றவை என்று நண்பர்கள் சொல்வது சரியா?
— வாசகி, ராயபுரம்

பதில்: போன்றவை என்பது மிகை, உறவுண்டு என்பது சரி. டிரம் வாசிக்கும் டேனி கேரி தபலா பயின்றவர். 2001-இல் வந்த ‘லேட்டரலஸ்’ தொகுப்பில் அதே பெயருள்ள பாட்டின் பல்லவி ஒன்பது, எட்டு, ஏழு என்று எண்ணிக்கை குறைந்து குறைந்து சுழல்கிறது. தங்கள் ஆசிரியர் இதைக் கேட்டால் கோபுச்ச யதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பாடல் வரிகளின் அசைகள் ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று விரிந்து மறுபடி ஒடுங்குகின்றன. மேலைநாட்டார் ஃபிபொனாச்சி பெயரால் வழங்கும் இந்த எண்வரிசையை, குறில்-நெடில் அடுக்குகளை எண்ணும் முயற்சியில் நம் நாட்டு யாப்பறிஞர்கள் அவருக்கு முன்பே கண்டிருந்தார்கள் என்பதை நண்பர்களிடம் சொல்லி வையுங்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டே அந்தப் பல்லவியைக் கேளுங்கள். முதல் இரண்டு சுற்றில் கை தவறும்.

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து குழு தொடங்கியிருக்கிறோம். கானா பாடும் நண்பனையே பாடகனாக வைத்துக்கொள்ளலாமா? இப்படிக் கத்தினால் அவன் தொண்டை கெடுமா?
— வாசகர், புளியந்தோப்பு

பதில்: அவரை விட்டுவிடாதீர்கள். இரவெல்லாம் பந்தலில் மரண கானா பாடிப் பழகிய குரலுக்கு, எங்கே அடக்குவது, எங்கே திறப்பது என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கானாவும் மின்கிட்டாரும் ஒரே மேடையில் நிற்கும் என்பதை 2018 தொடக்கத்தில் சென்னையில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு காட்டிவிட்டது. தொண்டையைப் பொறுத்தவரை, தேர்ந்தவர்கள் குரல்நாண்களை நெரிப்பதில்லை; அவற்றுக்கு மேலே உள்ள மடிப்புகளை அதிரவைத்து, வயிற்றிலிருந்து மூச்சைத் தாங்குகிறார்கள். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்; கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை ‘ஈ’ சுரத்திலிருந்து ‘டி’ சுரத்துக்கு இறக்குங்கள். ஒரே விரலை மூன்று கம்பிகளின்மேல் கிடத்தினால் பவர் கார்டு என்னும் கனத்த சுரக்கூட்டு கிடைத்துவிடும். கை வேகமாக நகரும். பழைய வண்ணாரப்பேட்டையில், முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டிய ஒரு மாடியறையில் நாங்கள் இதைப் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு மாலை மின்சாரம் போயிற்று. கிட்டார்கள் சட்டென்று ஊமையாகிவிட, டிரம் மட்டும் இருட்டில் நின்றும் தொடர்ந்தும் ஒலித்தது. அதுவரை கிட்டாருக்குத் துணையாகத்தான் டிரம் இருக்கிறதென்று நினைத்திருந்தோம். மின்சாரம் வந்த பிறகு கிட்டார்கள் இரண்டின் ஒலியையும் பாதியாகக் குறைத்தோம். முட்டை அட்டை ஒலியைத் தடுக்காது என்பதைக் கீழ்வீட்டு அம்மா வேறு ஒரு நாள் தெரிவித்தார்.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
— இல்லத்தரசி, பெரம்பூர்

பதில்: ஃபுகாசியின் ‘வெயிட்டிங் ரூம்’, 1988. பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்கும், மற்றவை வந்து சேரும், சூடு பிடிக்கும்போது எல்லாம் ஒரேயடியாக நின்றுபோகும். கைப்பேசி கெட்டுவிட்டதென்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். சில நொடிகள் காத்திருங்கள்.