காட்ஸ்வோல்ட் கல் பண்ணை வீடுகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட் வீட்டுக் கூரைகளில் கல் ஓடுகள் கீழே பெரிதாகவும் மேலே போகப் போகச் சிறிதாகவும் இருக்கின்றனவே, அழகுக்காகவா?

பதில்: கூரைத் தண்ணீர் மொத்தமும் இறவாரத்துக்குத்தான் ஓடி வரும். அங்கே பெரிய ஓடு போட்டால் இணைப்புகள் குறையும், பாரமும் சுவர்மேலேயே இறங்கும். சின்னத் துண்டுகள் முகட்டுக்குப் போகும், எதுவும் வீணாகாது. ஒவ்வொரு ஓட்டின் தலையிலும் ஒரு துளை, அதில் ஓக் மர முளை. அந்த முளையால்தான் ஓடு ரீப்பரில் தொங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டில் கல்லை ஓடுகளாகப் பிளந்தது உறைபனி. தோண்டிய கல்லை ஈரம் காயாமல் வைத்திருந்து குளிர்காலத்தில் வெளியே பரப்புவார்கள். உள்ளே நீர் உறைந்து விரிய, கல் ஏடு ஏடாகப் பிரியும். அதற்குள் காய்ந்துவிட்டால் அந்தக் கல் பிளக்காது.

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டு வீடு. சுவரில் ஈரம். கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைக்கலாம் என்கிறார் கொத்தனார்.

பதில்: சிமெண்ட் வேண்டவே வேண்டாம். அந்தச் சுவர் அரை மீட்டருக்குமேல் தடிமன். இரண்டு பக்கமும் கல், நடுவே சல்லி. மழையில் குடித்த ஈரத்தைச் சுண்ணாம்புச் சாந்து வழியாக வெளியே விடும். முதலில் மழைநீர்க் குழாயையும், சுவரடியில் மண் உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். மழை ஊரில் தண்ணீரை அடைப்பதுதானே சரி? பக்கத்து வீட்டில் சிமெண்ட் பூசி வருஷக்கணக்காகிறது, ஒன்றும் ஆகவில்லை.

பதில்: சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிமெண்ட் கோடுகள் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறதா? கல் உள்வாங்கியிருக்கிறதா? விரலால் தேய்த்தால் மாவு உதிர்கிறதா? சிமெண்டிலும் விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் நுழையும். திரும்ப வெளியே வரக் கல்லைத் தவிர வழியில்லை. கல்லுக்குள் உப்பு பூக்கும், குளிரில் நீர் உறையும், முகம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். தேய வேண்டியது சாந்து. அதைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். போன கல் போனதுதான்.

கேள்வி: அப்போ சிமெண்டை கிரைண்டரால் அறுத்து எடுக்கட்டுமா?

பதில்: கூடாது, கல் விளிம்பும் சேர்ந்து போகும். தளர்ந்த இடத்தில் மட்டும் கையுளியால் எடுங்கள். இறுகப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்த வகையில் பார்க்க வேண்டிய வீடு ஒன்று சொல்லுங்கள்.

பதில்: தேம்ஸ் நதியோரம் கெல்ம்ஸ்காட் மேனர். பெயர்தான் மேனர் (ஜமீன் மாளிகை), 1600-ஐ ஒட்டி ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய வீடு. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1871-இல் வாடகைக்கு எடுத்தார். பழுதுபார்க்கிறேன் என்று பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதுசாக்குவதை எதிர்த்து 1877-இல் சங்கம் தொடங்கியவரும் அவர்தான். போனால் கூரையை நின்று பாருங்கள்.

கேள்வி: பழைய வீடுகளில் அடைத்த ஜன்னல்கள் எல்லாம், ஜன்னல் எண்ணிக்கையைப் பார்த்துப் போட்ட ஜன்னல் வரிக்காகவா?

பதில்: எல்லாம் இல்லை. 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மை. ஆனால் உள்ளே அறையை மாற்றியபோதும் அடைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சுவர் ஈரத்துக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்?

பதில்: சிமெண்டுக்குச் சொன்னதேதான். அடிக்காதீர்கள்.

கேள்வி: லிஸ்டட் வீட்டில், அதாவது பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அரசு பட்டியலிட்ட வீட்டில், ஜன்னலை மாற்றலாமா?

பதில்: உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வாங்கிவிட்டு. வாங்காமல் மாற்றினால் அது கிரிமினல் குற்றம். வீட்டின் உட்புறத்துக்கும் இதே சட்டம்தான்.