லைசென்ஸ் இல்லாமல் உணவு ஆலோசனை சொல்லலாமா?

கேள்வி: ஃபுளோரிடாவில் வசிக்கிறேன். ஹெல்த் கோச் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜூம் வழியாக, எடை குறைக்க உணவு அட்டவணை போட்டுத் தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், டாக்டரிடம் மருந்து எடுக்கிறார். இன்னொருவர் கலிபோர்னியாவில் இருக்கிறார். டயட்டீஷியன் லைசென்ஸ் இல்லாமல் இதைச் செய்தால் மாட்டிக்கொள்வாய் என்று தோழி பயமுறுத்துகிறாள். உண்மையா?

பதில்: தோழியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017-ல் இதே ஃபுளோரிடாவில், உங்களைப் போன்ற ஒரு ஹெல்த் கோச் லைசென்ஸ் இல்லாமல் உணவு ஆலோசனை தருகிறார் என்று ஒரு டயட்டீஷியன் புகார் கொடுத்தார். சுகாதாரத் துறை விசாரணையாளர் வாடிக்கையாளர் போல அவருக்கு ஈமெயில் அனுப்பிப் பேச்சுக் கொடுத்தார். முடிவில் 500 டாலர் அபராதம், அதற்கு மேல் விசாரணைச் செலவாக 254 டாலர். பேச்சுரிமை பறிபோகிறது என்று அவர் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை. லைசென்ஸ் கேட்கும் சட்டம் ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம், பேச்சின் மீது அதன் பாதிப்பு தற்செயலானதுதான் என்று 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் இதற்கிடையே, 2020-ல், ஃபுளோரிடா சட்டத்தையே தளர்த்திவிட்டது. இப்போது யார் வேண்டுமானாலும், கட்டணம் வாங்கிக்கொண்டும்கூட, உணவு ஆலோசனை சொல்லலாம். நிபந்தனை இரண்டுதான். டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட், நியூட்ரிஷன் கவுன்சிலர் என்று உங்களை அழைத்துக்கொள்ளக் கூடாது. உணவு முறையை மாற்றியாக வேண்டிய நோய்க்காக மருத்துவரின் நேரடிக் கவனிப்பில் இருப்பவருக்கு ஆலோசனை தரக் கூடாது. உடல் பருமனும் எடைக் குறைப்பும் இந்த இரண்டாவது தடையில் சேராது என்று சட்டமே சொல்கிறது. அதனால் மற்றவர்களுக்கு நீங்கள் தரும் எடைக் குறைப்பு அட்டவணையில் சிக்கல் இல்லை.

சிக்கல் சர்க்கரை நோய் உள்ளவர் விஷயத்தில்தான். "எடை குறையத்தானே தந்தேன், சர்க்கரைக்கு இல்லையே" என்று வாதாடலாம் என நினைக்காதீர்கள். சட்டம் பார்ப்பது எதற்காக ஆலோசனை தந்தீர்கள் என்பதை மட்டுமல்ல, யாருக்குத் தந்தீர்கள் என்பதையும். இந்தக் கோடு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். இன்சுலின் எடுப்பவர், மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

உங்கள் சான்றிதழ் இங்கே கைகொடுக்காது. அது தனியார் நிறுவனம் தந்தது, மாநில அரசின் லைசென்ஸ் அல்ல.

கலிபோர்னியா வாடிக்கையாளரைப் பொறுத்தவரை, பொதுவாக அவர் இருக்கும் மாநிலத்தின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அங்கே யாரும் உணவு ஆலோசனை தரலாம். நோயைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் கூடாது. கட்டணத்துக்கு ஆலோசனை தருபவர்கள் இந்த வரம்பைச் சொல்லும் அறிவிப்பைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. ஜூமில் நடத்தினாலும் அந்த அறிவிப்பை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து புதிதாக யாராவது வந்தால், பணம் வாங்கும் முன் அந்த மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். சில மாநிலங்கள் இவ்வளவு தாராளமாக இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: சர்க்கரை நோய் உள்ளவருக்கு இனி அட்டவணை அனுப்பாதீர்கள். லைசென்ஸ் உள்ள டயட்டீஷியனிடம் போகச் சொல்லி ஈமெயில் எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேருபவர்களிடம், எந்த நோய்க்காவது டாக்டரிடம் சிகிச்சையில் இருக்கிறீர்களா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.